வேர் பார்க்கத் தெரிந்தவர்கள்

ஆடிப்பெருக்கையொட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும். கூடவே வாசலூர்ப்பட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் வைப்பார்கள். பூக்களால் செய்த உருவங்களுக்கு முன்னால் குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் எனக்குக் கண் மரத்தின் மேலேயே போய் நிற்கும். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும்போதே, எந்தக் கிளையில் எந்த ஆர்கிட் ஒட்டியிருக்கிறது என்று தேடிக்கொண்டு வருகிற ஆள் நான். தொட்டியில் ஆர்கிட் வளர்ப்பவர்கள், அதிலும் வாடிக்கிடக்கும் ஆர்கிட்டைப் பிழைக்கவைக்க நினைப்பவர்கள், முதலில் படிக்கவேண்டிய பாடம் அந்தக் கிளைகளில்தான் இருக்கிறது.

பழைய மாமரத்தின் சொரசொரப்பான பட்டையில் வாண்டா டெசெல்லாட்டாவைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் மலையிலும் சமவெளியிலும் கிடைக்கிற ஆர்கிட் அது. மஞ்சளும் பழுப்பும் கலந்த இதழ்களில் கட்டம் கட்டமாகக் கோடுகள், நடுவில் ஊதா நிற உதடு. முகத்தருகே கொண்டுபோனால் நல்ல வாசனை. இதைப் புல்லுருவி என்று நினைத்து வெட்டி எறிகிறவர்கள் உண்டு. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சிப் பிழைக்கும். ஆர்கிட் மரத்திடம் கேட்பது உட்கார ஓர் இடம் மட்டுமே. சாப்பாட்டை அதன் இலையே சமைத்துக்கொள்கிறது, தண்ணீரை மழையிலும் பனியிலும் எடுத்துக்கொள்கிறது. கொல்லிமலை உள்ளிட்ட இந்தப் பக்கத்து மலைகளின் செடிகொடிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் இருந்துகொண்டு பாதிரியார் கே.எம். மேத்யூ 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட தமிழ்நாடு கர்நாடிக் தாவரத் தொகுதிகளைப் புரட்டிப் பார்க்கவேண்டும். மலை மலையாக ஏறித் திரட்டிய உழைப்பு அது.

மரத்தில் தொங்கும் ஆர்கிட் வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாக இருக்கும். கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து அதன்மேல் தெளித்துப் பாருங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேர் பச்சையாக மாறும். வேரைச் சுற்றி வெலாமன் என்றொரு உறை இருக்கிறது. உயிர் விட்ட செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த உறை. காற்று நிறைந்திருக்கும்போது வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் நிறைந்ததும் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் பச்சையைக் காட்டும். மழை விட்டுக் காற்று அடித்தால் மறுபடி வெள்ளி நிறம். நனைவது, பிறகு காய்வது. இந்த இரண்டும் மாறி மாறி நடக்கவேண்டும். ஆர்கிட் வளர்ப்பின் பாதி இதில் அடக்கம்.

மலைக்குக் கீழே, வீட்டுக்குள் நடப்பது வேறு. வீடு குடிபோன நாளில் யாரோ பரிசாகக் கொடுத்த ஃபெலனாப்சிஸ் ஆர்கிட் இரண்டு மூன்று மாதம் வெள்ளைவெளேரென்று பூத்து நிற்கும். பூ உதிரும். அப்புறம் இலை துவளத் தொடங்கும். துவண்ட இலையைப் பார்த்தால் யாருக்கும் பரிதாபம் வரும், கை தானாகச் செம்பைத் தேடும். அங்கேதான் செடி சாகிறது. இலை துவள்வது தொட்டியில் தண்ணீர் இல்லாததால் அல்ல, தண்ணீரை எடுக்க வேர் இல்லாததால். எப்போதும் நனைந்தே இருந்த வேருக்குக் காற்று கிடைக்காமல் அது அழுகிவிட்டது. மேலும் தண்ணீர் ஊற்றினால் மிச்சம் இருக்கும் வேரும் போகும்.

பிழைக்கவைக்கத் தெரிந்தவர்கள் இலையைப் பார்த்து முடிவு செய்யமாட்டார்கள். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். நர்சரியில் நாற்றாக இருந்தபோது வைத்த பாசி உருண்டை பல செடிகளில் வேர்க்கட்டின் நடுவிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் காய்ந்தாலும் அது மட்டும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வேரை அழுகவைக்கும். அதைப் பொறுமையாகப் பிய்த்து எடுக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு வேரையும் இரண்டு விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, நிறம் பழுப்பானாலும் பரவாயில்லை. அழுத்தியதும் பொதுக்கென்று நீர் கசிந்து, மேலுறை கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர். நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்திரியால் அதை மட்டும் வெட்டி, வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத் தூள் தடவுவார்கள். அந்தத் தூள் நல்ல வேரில் படக்கூடாது, வேரை உலர்த்திவிடும்.

அடுத்தது தொட்டி. மண் கூடவே கூடாது. கழுவிய அடுப்புக்கரி, உடைத்த ஓட்டுச்சில்லு, ஊறவைத்து உப்பு நீக்கிய தேங்காய் மட்டைத் துண்டு, பக்கத்தில் ஓட்டை போட்ட சின்ன மண்தொட்டி. இவை போதும். பெரிய தொட்டி பாசம்போலத் தெரியும். உண்மையில் அது ஈரத்தைத் தேக்கிவைக்கும் குழி. காலை வெயில் மட்டும் படும் நிழலில் வைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். உரம் வேண்டாம். புது வேர் நுனி பச்சையாகவோ லேசான சிவப்பாகவோ பளபளவென்று எட்டிப்பார்த்த பிறகு, 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கரைத்துத் தெளிக்கலாம். பூத்து நிற்கும் ஆர்கிட்டைக் காட்டி யாரும் என்னை மயக்கமுடியாது. பூவோடுதானே கடையில் விற்கிறார்கள்? செத்துப்போகும் என்று எல்லோரும் கைவிட்ட செடியில் அந்த வேர் நுனியை வரவழைத்தவரே என் கணக்கில் கலைஞர்.

ஆர்கிட்டைப் போலவே வீட்டுத் தொட்டியில் வாடிக்கிடக்கும் இன்னொரு செடி ஆப்பிரிக்க வயலட். அதன் கதை வேறு. கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் உசம்பாரா மலையில், நிழலான ஈரப்பாறைகளில் வளர்ந்த செடி இது. 1892-இல் ஜெர்மானிய அதிகாரி வால்டர் ஃபான் செயின்ட் பால் கண்ணில் பட்டது. விதையை ஜெர்மனியில் இருந்த தன் தந்தைக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே தாவரவியலாளர் வெண்ட்லாண்ட் அவர் பெயரால் செயின்ட்பாலியா என்று பெயரிட்டார். நமக்கும் அந்நியமான குடும்பம் அல்ல. தென்னிந்திய மலைகளின் பாறை இடுக்குகளில் ஊதாப் பூ பூக்கும் ஹென்கேலியா இன்கானா இதே ஜெஸ்னேரியேசி குடும்பம்தான். இலையைத் தடவினால் அதே பஞ்சு ரோமம் விரலில் படும்.

அந்த ரோமத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது. இலையின் வெப்பத்தைவிடத் தண்ணீர் மிகக் குளிராக இருந்தால், விழுந்த இடத்தில் பச்சையம் சிதைந்து வட்ட வட்டமாக வெளுத்துவிடும். அந்தத் தழும்பு மாறாது. அதனால் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கீழிருந்து குடிக்கவைத்து, அரைமணியில் மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். உப்பு அதிகமுள்ள போர்வெல் தண்ணீரானால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். விளிம்பில் சாய்ந்திருக்கும் இலைக்காம்பு அந்த உப்பு பட்டே அழுகும். மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து ஊற்றுவது நல்லது.

வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட வயலட்டுக்குக் கழுத்து நீண்டுவிடும். அடியிலை ஒவ்வொன்றாக உதிர்ந்து, மொட்டைத் தண்டின் உச்சியில் ஒரு கொத்து இலை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். தூக்கி எறியத்தான் தோன்றும். தெரிந்தவர்கள் கத்தியை எடுத்து, உச்சிக்கொத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்டோடு வெட்டி, தண்டின் மேல்தோலை மெல்லச் சுரண்டி, ஈரமான கொக்கோபீட்டும் பெர்லைட்டும் கலந்த சின்னத் தொட்டியில் அடியிலை மண்ணைத் தொடும்வரை இறக்கி நடுவார்கள். மேலே ஒரு பாலித்தீன் பை. சுரண்டிய இடத்திலிருந்து சில வாரங்களில் வேர் வரும். உதிராத நல்ல இலை ஒன்றைக் காம்போடு சாய்வாக வெட்டி நட்டால், இரண்டு மூன்று மாதத்தில் அதன் அடியில் குட்டிச்செடிகள் முளைக்கும். வயதான ஒரு செடியிலிருந்து ஒரு தெருவுக்கே கொடுக்கலாம்.

இதெல்லாம் கீழே நாமக்கல்லில் முடியாதா என்றால், உயிரைக் காப்பாற்ற முடியும், பூக்கவைப்பதுதான் சிரமம். 28 டிகிரிக்கு மேலேயே வெப்பம் இருந்தால் ஃபெலனாப்சிஸ் இலையாக விட்டுக்கொண்டிருக்குமே தவிர, பூந்தண்டு விடாது. சில வாரமாவது அதைவிடக் குளிர்ச்சி வேண்டும். வயலட்டும் 18 முதல் 25 டிகிரிக்குள்தான் மனம் மகிழ்ந்து பூக்கும். 1,000 மீட்டருக்கு மேலே உள்ள கொல்லிமலைச் செம்மேட்டில் இந்தக் குளிர்ச்சி செலவில்லாமல் கிடைக்கிறது. மிளகும் காப்பியும் விளையும் நிழலில், ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் கிழக்குப் பார்த்து ஒரு பலகை போட்டால் போதும். மலையில் வீடும் தோட்டமும் வைத்திருப்பவர்கள் இதைச் செய்து பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

ஒரு வேண்டுகோள். மரத்தில் பார்த்த ஆர்கிட்டைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தூசி மாதிரி இருக்கும் அதன் விதைக்குள் சேமித்த உணவே கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை துணைக்கு வந்தால்தான் அது முளைக்கும். ஆயிரமாயிரம் விதையில் ஒன்று பிழைத்து, பல ஆண்டு கழித்துப் பூத்ததைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். காட்டு ஆர்கிட்டை ஆற அமரப் பார்க்க ஆசைப்பட்டால், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்கிட் பூங்கா இருக்கிறது, போய்வாருங்கள். வளர்க்க ஆசைப்பட்டால், திசு வளர்ப்பில் வந்த கன்றை நர்சரியில் வாங்குங்கள். அதைவிட நல்லது, பக்கத்து வீட்டு மாடியில் பூ உதிர்ந்து மூலையில் கிடக்கும் தொட்டியைக் கேட்டு வாங்கி, வேரைப் பாருங்கள்.