கொம்பனித்தெருவும் அடிமைகளும்

கொழும்பின் தெருப்பெயர்களை ஆராய்வோர் பெரும்பாலும் தேசாதிபதிகளினதும் தளபதிகளினதும் பட்டியலையே நமக்குத் தருகின்றனர். ஹல்ஸ்டோர்ப் என்றால், 1656 இல் கொழும்பு முற்றுகையில் மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் ஊர். அத்துடன் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. பேரை வாவிக்கரையிலுள்ள கொம்பனித்தெருவுக்கு வரும்போதுதான் இம்முறையின் வறுமை வெளிப்படுகிறது.

கொம்பனி என்பது ஒல்லாந்தரின் வர்த்தகக் கொம்பனியா, பட்டாளத்துக் கொம்பனியா என்று வாதிடுகின்றனர். எதுவாயினும் அது அதிகாரம் செலுத்தியவனின் பெயரே. ஆங்கிலத்தில் அவ்விடத்துக்கு வழங்கிய பெயரோ 'ஸ்லேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத்தீவு. ஒல்லாந்தருக்காகப் பகலெல்லாம் உழைத்த அடிமைகள் இரவில் அடைக்கப்பட்ட இடம் அது. அப்பெயர் இழிவானது என்று கூசுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. இழிவு, அடைத்தவர்களுடையது, அடைபட்டவர்களை நினைவில் வைத்திருந்தது அந்தப் பெயர்தான்.

தமிழ் வாசகருக்கு இதில் நெருங்கிய உறவும் உண்டு. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பஞ்சம் வாட்டியபோது, ஒல்லாந்தக் கொம்பனி பட்டினி கிடந்த மக்களை விலைக்கு வாங்கி இலங்கைக்குக் கப்பலேற்றியது. இங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததோ 1844 இல். நமது ஊர்ப்பெயர் ஆராய்ச்சியாளர்கள் மட்டும் இன்னும் 'கொம்பனி' என்ற சொல்லின் வேரைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.