டாக்பேக் வாசித்த என் பதிவுகள்

போன ஆடி மாசம் வலது கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டது. அறுவை செய்து கண்ணுக்குள் வாயுக் குமிழ் வைத்தார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் முகத்தைக் கவிழ்த்தே கிடக்க வேண்டும். இடது கண் சின்ன வயசிலிருந்தே சோம்பேறிக் கண், கடைப் பலகையைத் தாண்டி எதையும் வாசிக்காது. ஆக, மூன்று வாரம் நான் எழுத்து மறுக்கப்பட்ட ஆள். அப்போதுதான் ஆண்ட்ராய்டு போனில் உள்ள டாக்பேக்கை ஒழுங்காகப் பயன்படுத்திப் பார்த்தேன். இது அதைப் பற்றிய விமர்சனம். எழுத ஆரம்பித்தபோது அப்படித்தான் நினைத்தேன்.

டாக்பேக் புதுசு ஒன்றும் இல்லை. 2009-லேயே வந்துவிட்டது. அதே வருஷம் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ்ஓவர் வந்தது. இவ்வளவு காலம் கையிலேயே இருந்ததை ஏன் கண்டுகொள்ளவில்லை? செட்டிங்ஸில் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஒரு காரணம் என்பேன்: அணுகல்தன்மை. கலெக்டரை அணுகலாம், வக்கீலை அணுகலாம். போனில் அந்தச் சொல்லைப் பார்த்து, 'ஓ, இதற்குள் எனக்கு ஒரு குரல் இருக்கிறது' என்று யாருக்குத் தோன்றும்? பார்வை மங்கிய ஒருவர் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் அதை வைத்திருப்பது இன்னொரு வேடிக்கை. வால்யூம் பட்டன் இரண்டையும் மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் போதும் என்ற குறுக்குவழி இருக்கிறது. ஆனால் அது இருப்பதை யாராவது சொல்ல வேண்டும்.

இயக்கியதும் முதல் நாள் வீட்டில் கலவரம். "அப்பா, போன் ரிப்பேர் ஆயிடுச்சா? தொட்டா திறக்கவே மாட்டேங்குது" என்றான் பையன். ரிப்பேர் இல்லை. டாக்பேக்கில் ஒருமுறை தொட்டால், அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும். திறக்க இரண்டு முறை தட்ட வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருள். பக்கத்தை நகர்த்த இரண்டு விரல். இந்த இலக்கணம் பிடிபட எனக்கு இரண்டு நாள் ஆனது. பிடிபட்டபின் சொல்கிறேன், மிக நன்றாக யோசித்துச் செய்த விஷயம். முதலில் குரல் குதிரை வேகத்தில் போவதாகத் தோன்றியது. இரண்டாம் வாரம் நானே வேகத்தைக் கூட்டினேன்.

தமிழ்க் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான், ஒலி இரண்டு. பாவம் செய்தவனையும் முகபாவத்தையும் நாம் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்கிறோம். எந்திரம் யூகிக்க வேண்டும். கோயில் பட்டர் சிலசமயம் ரொட்டிக்குத் தடவுகிற பட்டராகிவிடுவார். இதையெல்லாம் நான் குறையாக எண்ணவில்லை. நம் எழுத்துமுறை கேட்கும் விலை அது.

குறை வேறிடத்தில் இருந்தது. படுத்துக்கொண்டே பழைய ஆய்வுக் கட்டுரைகளின் பிடிஎஃப்களைத் திறந்தேன். குரல் ஏதோ உளறியது. ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டேன்: எம், கே, செமிகோலன், கே, ஹெச். ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது. அது 'அம்மா'. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரை. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பதுதான் தமிழ் உருவம். கண்ணுக்கு அது அம்மா, காதுக்கு அது செமிகோலன்! 1999-இல் டாம், டாப் என்று குறியாக்கங்களைத் தரப்படுத்தினோம். 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. ஆனாலும் அதற்கு முன்னே குவித்த ஏராளமான தமிழ் அப்படியே கிடக்கிறது. பின்னே வந்ததிலும் கொஞ்சம் உண்டு.

சரி, நம்முடையதையாவது கேட்போம் என்று இந்த வலைப்பதிவைத் திறந்தேன்.

தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும் வசதி டாக்பேக்கில் உண்டு. என் பதிவில் தாவ ஒன்றும் இல்லை, ஏனென்றால் உட்தலைப்புகளை எல்லாம் வெறுமனே தடித்த எழுத்தாக்கி வைத்திருக்கிறேன். இணைப்புகளை மட்டும் கேட்டால், இங்கே, இங்கே, இங்கே. ஏரி மதகுக் கல்வெட்டு ஒன்றைப் பற்றிய நீண்ட பதிவின் நடுவே குரல் சொன்னது: ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் 4471. அதுதான் கல்வெட்டு வாசகம். அன்று பழைய எழுத்துருவில் அடித்திருந்தேன், இணையத்தில் உடைந்துவிடும் என்று பயந்து படமாக்கிப் போட்டேன். கட்டுரையின் உயிரே அந்த எட்டு வரிதான். எழுதிய எனக்கே அது எட்டவில்லை.

அந்தப் பதிவின் கீழே ஒரு பின்னூட்டம் இருந்தது. பதினொரு வருஷத்துக்கு முந்தையது. 'வாசகத்தை எழுத்தாகவும் தர முடியுமா ஐயா' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'படத்தின்மேல் சொடுக்கினால் பெரிதாகும்' என்று நான் பதில் சொல்லியிருந்தேன். என் பதில் என் காதிலேயே விழுந்தது. அவர் மறுபடி எதுவும் கேட்கவில்லை.

கண் ஓரளவு தெளிந்தபின் திருத்த உட்கார்ந்தேன். உட்தலைப்பு, இணைப்பெல்லாம் சுலபம். கல்வெட்டு வாசகத்தை யூனிகோடில் அடித்து, கண்ணை மூடி டாக்பேக்கில் கேட்டேன். வாசகம் தங்குதடையின்றி ஓடியது. அதுதான் தப்பு! சிதைந்த இடத்தைப் புள்ளிகளாலும், நான் யூகித்து நிரப்பிய எழுத்துகளைப் பகர அடைப்பாலும் குறிப்பது வழக்கம். குரல் புள்ளியையும் அடைப்பையும் சொல்லாமல் கடந்துவிட்டது. அதைச் சொல்ல வைக்கும் அமைப்பு உண்டுதான், ஆனால் எல்லாரும் அதை இயக்கி வைத்திருப்பார்கள் என்று எண்ணி எழுத முடியாது. கேட்பவருக்கு என் யூகமும் கல்லில் உள்ளதும் ஒன்றாகிவிடும். கல்வெட்டுக்காரர்கள் காலம் காலமாகக் காத்துவரும் நாணயம் அந்தச் சின்ன அடைப்பில்தான் இருக்கிறது. அது கண்ணுக்கு மட்டுமே செய்த ஏற்பாடு என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

இப்போது சொல்லாகவே எழுதுகிறேன்: 'இங்கே மூன்று எழுத்து சிதைவு', 'இந்தச் சொல் என் யூகம்'. பக்கம் அசிங்கமாகத்தான் தெரிகிறது. இருக்கட்டும்.

அந்தப் பின்னூட்டத்துக்குக் கீழே முழு வாசகத்தையும் போட்டு, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் இந்தப் பக்கம் வருகிறாரா தெரியவில்லை. 214 பதிவுகளில் இதுவரை 19 முடிந்திருக்கிறது. உங்களுக்கு அவசரமாக வேண்டிய பழைய பதிவு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.