மேனாட்டுப் பண்பாட்டுப் பொதுப்பாடம்: ஓர் ஆராய்ச்சி

ஒரு பல்கலைக்கழகம், எத்துறையிற் பயில்வோராயினும் தன் மாணாக்கர் அனைவரும் கற்றற்குரியன இவையெனச் சில நூல்களை வரையறுக்குமாயின், அவ்வரையறையே அதன் உள்ளக்கிடக்கையைப் புலப்படுத்துவதாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மேனாட்டுப் பண்பாடு பற்றி ஏற்பட்ட பொதுப்பாடங்கள் இவ்வகையின. அவற்றின் குணமுங் குற்றமும் ஈண்டு ஆராயப்படும்.

நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியாக் கல்லூரியில் 'தற்கால நாகரிகம்' என்னும் பாடம் 1919-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. முதல் உலகப்போர்க் காலத்திற் படைப்பயிற்சி பெற்ற மாணாக்கர்க்குப் போரின் காரணங்களை விளக்குதற்கு வகுத்த பாடமே அதற்கு வித்தாம். போரை விளக்கப் பிறந்தது, போர் ஓய்ந்தபின் அமைதிக்காலத்துக்குரிய குடிமக்களை ஆக்கும் கருவியாயிற்று. 1937-இல், ஓமர் முதலியோர் நூல்களைப் பயிலும் இலக்கியப் பாடமும் இதனோடு சேர்ந்தது. இவ்விரண்டும் இன்றும் அங்கே கட்டாயப் பாடங்களாக நடைபெறுகின்றன.

இவ்விலக்கியப் பாடத்தின் சிறப்பு இரண்டு. பிறர் சுருக்கியெழுதிய நூலைக் கொடாது ஆசிரியன் நூலையே கையிற் கொடுத்தல் ஒன்று. இருபதின்மரளவிற் சிறு குழுவாகக் கூடி, வினாவியும் விடுத்தும் கற்றல் மற்றொன்று. இவை போற்றற்பாலன. ஆயினும் பெருநூலொன்று ஓரிரு வாரத்துட் கழிக்கப்படுதலும், கிரேக்கமும் இலத்தீனும் அறியார் மொழிபெயர்ப்பளவில் நின்றுவிடுதலும் குறையேயாம். ஓடுவோன் ஊரைக் கண்டானேனும் ஊராரை அறியான்.

இனி, கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது நோக்கற்பாலது. அக்கழகம் 1980-இல் 'மேனாட்டுப் பண்பாடு' என்னும் கட்டாயப் பாடத்தை நிறுவிற்று. விவிலியம், ஓமர், பிளேட்டோ, அகஸ்தீன், தாந்தே, லூதர், மார்க்சு முதலாயினார் நூல்கள் அதன் பட்டியலில் நின்றன. பெண்டிரும் வெள்ளையரல்லாத மக்களும் அதில் இடம்பெறாமை கூறி மாணாக்கர் கிளர்ந்தனர். 1987 ஜனவரியில் ஊர்வலமும் நிகழ்ந்தது. 1988 மார்ச்சில் ஆசிரியப் பேரவை, 39 வாக்குக்கு 4 என்னுங் கணக்கில், அதனை நீக்கிப் 'பண்பாடுகள், கருத்துக்கள், மதிப்புக்கள்' என்னும் பாடத்தை ஏற்றது. அந்நாட்டுக் கல்விச் செயலராயிருந்த வில்லியம் பென்னட்டு இம்மாற்றத்தைக் கடிந்து பேசினார்.

இவ்வழக்கில் இருதிறத்தாரும் ஒரு தவற்றில் ஒத்து நின்றனர். என்னை? 'இவை நம் முன்னோர் நூல்கள். ஆதலின் கற்க' என்றனர் ஒருசாரார். 'இவை எம் முன்னோர் நூல்களல்ல. ஆதலின் விடுக' என்றனர் மற்றொருசாரார். நூலை ஓரினத்தின் பேராளாகக் கொண்டது இருவர்க்கும் பொது. நூல் கூறும் பொருள் மெய்யோ பொய்யோ என்னும் வினா பின்னிடப்பட்டது.

அன்றியும், அப்பட்டியல் ஒரு கொள்கையின் தொகுதியுமன்று. அகஸ்தீன் உரோமரின் பழந்தெய்வங்களை மறுத்தார்; லூதர் போப்பாண்டவரின் அதிகாரத்தை மறுத்தார்; மார்க்சு சமயத்தையே மறுத்தார். ஒருவரையொருவர் மறுப்போர் கூடிய அவையை ஒரு குடும்பத்துச் சொத்தெனல் பொருந்துமாறு எங்ஙனம்?

'மேனாடு' என்னும் எல்லையும் அந்நூல்களுக்கே உடன்பாடன்று. கொர்தோவா நகரிற் பிறந்த இப்னு ருஷ்து (1126–1198) அரிஸ்டாட்டிலுக்கு அரபு மொழியில் வகுத்த உரைகள் இலத்தீனாக்கப்பட்டுப் பாரிசில் பயிலப்பட்டன. தாமஸ் அக்குவினாஸ் அவரை 'உரையாசிரியர்' என்னும் பெயராற் சுட்டினார். அவர் கொள்கை சிலவற்றை மறுத்துந் தனிநூல் செய்தார். தாந்தேயும் தம் காப்பியத்தில் அவரை இருத்தினார். அந்நூலாசிரியர்கள் அறிந்து போற்றிய உரையாசிரியரை விடுத்து அந்நூல்களைக் கற்பிப்போர், மூலத்துக்கே குறை செய்வோராவர்.

அற்றேல், எல்லா நாட்டு நூல்களையும் ஒரே பட்டியலிற் சேர்த்தல் அமையாதோ எனின், அமையாது. ஆண்டின் நாட்கள் பெருகா; நூல்கள் மட்டும் பெருகின் ஒவ்வொன்றுக்கும் உரிய காலம் சுருங்கும். கீழ்நாட்டு நூல்களிற் சில பக்கங்களை ஊறுகாய்போல் தொட்டுக்கொள்ளுதல் அந்நூல்களுக்கு மதிப்பாகாது. அவற்றைத் தனியே நிறுத்தி நிறைவாகக் கற்பித்தலே நெறி. வில்லியம் தியோடர் டி பேரி முதலியோர் கொலம்பியாவில் அந்நெறியில் உழைத்தனர்.

இத்தகைய பாடத்தின் பயனை எதனால் அளத்தல் வேண்டும்? பட்டியலின் நீளத்தாலன்று, தேர்வில் ஒப்புவிக்கும் பெயர்களாலும் அன்று. மாணாக்கன் தான் உடன்படாத ஆசிரியன் கொள்கையை, அவ்வாசிரியன் கேட்பின் 'ஆம், யான் கூறியது இதுவே' என்னுமாறு முதற்கண் எடுத்துரைத்து, அதன்பின் மறுக்க வல்லனாயினானோ என்பதே அளவுகோல். அவ்வன்மையைத் தரும் பாடம் எந்நாட்டு நூலைக் கொண்டதாயினும் நற்பாடமே; தாராதது எத்துணைப் பெருநூலைக் கொண்டதாயினும் பெயரளவிற் பாடமே. அறிஞர் ஆய்ந்து கொள்வாராக.