பின்னிருக்கையில் இருந்த பிள்ளை

ரொபர்ட் பேர்சிக்கின் ‘ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ என்ற ஆங்கில நூல் 1974இல் வெளிவந்தது. 121 பதிப்பாளர்கள் நிராகரித்த பின்னரே அது அச்சேறியது என்பதுதான் அதைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்லும் தகவல். அடுத்ததாக, ‘தரம்’ என்றால் என்ன என்ற அதன் தத்துவ விசாரணைக்குப் போவார்கள். ஒரு தகப்பன் பதினொரு வயது மகனை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு 17 நாட்கள் போனான் என்ற செய்தி பலருடைய பேச்சில் வருவதே இல்லை. எனக்கு அதுவே முதலாவது. கற்பிட்டிப் பக்கத்துக் கிராமப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறவன் நான். காலையில் எங்கள் வாசலில் வந்து நிற்பவற்றில் பாதிக்கு மேல் வாப்பாமார் பிள்ளைகளை ஏற்றிவரும் மோட்டார் சைக்கிள்கள்தாம்.

பயணம் 1968 கோடையில் நடந்தது. மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை, ஒரு ஹொண்டா வண்டியில். முதல் ஒன்பது நாட்கள் நண்பர் ஒருவரும் மனைவியும் தங்கள் பி.எம்.டபிள்யூ வண்டியில் கூட வருகிறார்கள். அந்த விலையுயர்ந்த வண்டியின் கைபிடி தளர்ந்தபோது பியர்க் கேனின் தகட்டை வெட்டிச் செருகிவிடலாம் என்று பேர்சிக் சொல்லப்போய், நண்பர் முகம் சுளிக்கும் இடம் சுவையானது. ஆனால் அது பெரியவர்களின் சங்கதி.

ஓடும் வண்டியில் பேச முடியாது. காற்றும் எஞ்சின் இரைச்சலும் விடாது. அந்த நிலையில் பேர்சிக் தனக்குள் நிகழ்த்தும் நீண்ட பிரசங்கந்தான் நூலின் பெரும்பகுதி. முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இருக்கும் மகனுக்கு அதில் ஒரு சொல்லும் கேட்பதில்லை. எங்கோ இருக்கும் வாசகனுக்கு முழுவதும் கேட்கிறது. கிறிஸ் வயிற்றுவலி என்கிறான், அழுகிறான், முரண்டு பிடிக்கிறான். வண்டியின் சங்கிலியையும் வால்வையும் அவ்வளவு பொறுமையோடு சரிபார்க்கிற மனிதருக்குப் பிள்ளையிடம் அந்தப் பொறுமை வருவதில்லை. இதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தத்துவப் பகுதிகளில் சில எனக்கு இன்றும் அலுப்பூட்டுகின்றன. இந்த இடங்கள் அலுப்பதில்லை.

இருக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமது கரையில் சின்னப் பிள்ளை முன்னால், பெற்றோல் தாங்கியின் மேல் குந்தும். பாதை முழுவதும் அதற்குத்தான் முதலில் தெரியும். ஏழெட்டு வயதாகித் தம்பியோ தங்கையோ அந்த இடத்தைப் பிடித்ததும் பின்னால் போய்விடும். பிறகு வாப்பாவின் சேர்ட் மட்டுந்தான் காட்சி. (தாங்கியில் இருத்துவது ஆபத்து, வண்டி மோதினால் பிள்ளையின் நெஞ்சுதான் முதலில் கைபிடியில் அடிபடும். இந்தியாவில் 2022இல், நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தலைக்கவசம், ஓட்டுநரோடு பிணைக்கும் பட்டி, மணிக்கு 40 கிலோமீற்றர் வேக எல்லை என்று விதி கொண்டுவந்தார்கள். பெற்றோர் கூட்டங்களில் நான் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்த விஷயம் இது.)

கிறிஸ் அந்தப் பின்னிருக்கைக்காரன். நூலின் இறுதியில்தான் தகப்பனும் மகனும் மனந்திறந்து பேசுகிறார்கள். பேர்சிக் 1961க்கும் 1963க்கும் இடையில் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர். மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர். ஒரு கண்ணாடிக் கதவு அவருக்குத் திரும்பத் திரும்பக் கனவில் வருகிறது. அது கனவல்ல, மருத்துவமனையின் கதவு என்பது கடைசியில் மகனின் வாயிலிருந்து வெளிப்படுகிறது. கதவின் மறுபக்கத்தில் நின்றவன் அவன். அதன்பின் இருவரும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் போகும்போது, கிறிஸ் கால்மிதியில் எழுந்து நின்று தகப்பனின் தோளுக்கு மேலால் பார்க்கிறான். இதுவரை முதுகை மட்டுமே பார்த்து வந்ததாகச் சொல்கிறான். ஆசிரியனாக அந்தத் தலைக்கவசம் எனக்கு உறுத்துகிறது. வாசகனாக, முழு நூலும் அந்த இடத்துக்காகவே எழுதப்பட்டது என்பேன்.

இதை நமது எழுத்தோடு சேர்த்து வாசிக்க வைத்தது மொன்டானாவின் போஸ்மன் நகரில் நடக்கும் சம்பவம். நோய்க்கு முன் பேர்சிக் படிப்பித்த கல்லூரி அங்கே இருக்கிறது. மகனைப் பழைய கட்டடத்துக்குள் கூட்டிப்போகிறார். அவருக்கு ஒவ்வொரு படியும் நினைவு. மகனோ பயந்து வெளியே போய்விடுகிறான்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறி வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அன்று உம்மாவின் இடுப்பில் வந்தவர்கள் இன்று வாப்பாமார். 2009இல் யுத்தம் முடிந்தபின் அவர்களுக்கு ஊர் போய்வரப் பாதை கிடைத்தது. லீவு நாட்களில் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாலாவி, புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி என்று மன்னாருக்குப் போகிறார்கள். “இதுதான் நம்மட வளவு” என்று காட்டுவதற்கு.

வெளியேற்றத்தைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதில் குறை காண நான் யார்? ஆனால் திரும்பிப் போகும் கதைகளில் வரும் பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. பிள்ளை கேட்கும், வாப்பா சொல்வார், பிள்ளையின் கண் கலங்கும். எந்தப் பிள்ளை அப்படிக் கலங்கியது? புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த வளவு பற்றைக்காடு. அதற்குத் தாகமெடுக்கும், பின்பக்கம் நோகும், எப்போது திரும்புவோம் என்றிருக்கும். கிறிஸ் வெளியே போய்விட்டதைப் போன்ற ஓர் இடம் நான் வாசித்த கதைகளில் இல்லை. வாப்பாவின் துயரத்துக்குச் சாட்சி வேண்டியிருக்கிறது. பிள்ளையைச் சாட்சிக் கூட்டில் ஏற்றிவிடுகிறோம்.

அவ்வளவு நேர்மையாக எழுதிய பேர்சிக்கும் தப்பவில்லை. கிறிஸுக்கு அந்த நூல் பிடிக்கவில்லை என்று 2006இல் ஒரு நேர்காணலில் அவரே சொன்னார். பயணத்தில் தான் சந்தோஷமாகவே இருந்ததாகவும் நூலில் உள்ளது பொய் என்றும் மகன் சொன்னானாம். கிறிஸ் 1979 நவம்பரில், 23 வயதாக இரண்டு வாரம் இருக்கையில், சான் பிரான்சிஸ்கோவில் குத்திக் கொல்லப்பட்டான். 1984 பதிப்பில் தகப்பன் பின்னுரையொன்று சேர்த்தார். அந்தப் பயணத்தைப் பற்றி நம் கையில் இருப்பது தகப்பனின் நூல்தான். வண்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எட்டாம் வகுப்புக்கு ‘நான் சென்ற ஒரு பயணம்’ என்று கட்டுரை கொடுத்திருந்தேன். ஒருவன் வாப்பாவுடன் மன்னார் போனதை எழுதியிருந்தான். வளவைப் பற்றி மூன்று வரி. அதில் ஊரின் பெயரிலும் எழுத்துப் பிழை. மதவாச்சியில் ரயர் பஞ்சரானதைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல். கடைக்காரர் ரியூபைத் தண்ணீர்ப் பேசினில் அமிழ்த்தியது, குமிழி வந்த இடத்தில் இவனை விரல் வைக்கச் சொன்னது, தனக்குச் சிங்களம் விளங்காதது, வாப்பா பக்கத்துக் கல்லில் இருந்து ஒன்றும் பேசாமல் இருந்தது. புள்ளித் திட்டப்படி அது தலைப்பிலிருந்து விலகல். நான் புள்ளி குறைக்கவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் சிவப்பு மையால் திருத்திக் கொப்பியைக் கொடுத்துவிட்டேன்.