கோடுகளால் கோத்த நாதம்

பாரிஸின் இர்க்காம் இசை ஆய்வு நிலையத்தில் 1980-களில் மில்லர் பக்கெட் இயற்றி, கணினி இசையின் பிதாமகர் மாக்ஸ் மாத்யூஸின் பெயரைச் சூடிக்கொண்ட மாக்ஸும், பக்கெட்டே 1996-இல் புதிதாக வகுத்து எவரும் இலவசமாய் எடுத்தாள விட்ட ப்யூர் டேட்டாவும், திரையில் பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து ஒலியைச் சிருஷ்டிக்க இடந்தரும் சகோதர சாதனங்கள்.

சித்திரமாய் வரைவதால் வேகம் குன்றுமென்று ஐயுறுவோர் உண்டு. ஆனால் ப்யூர் டேட்டாவில் ஒலியை இயக்கிய கணமே பெட்டிகளெல்லாம் ஒரே வரிசையாக ஒழுங்குபட்டு, 64 மாதிரிகள் (ஒலியலையின் கணநேர அளவீடுகள்) கொண்ட கட்டுகளாக ஒலி கணிக்கப்படுவதால், சித்திரத்துக்கென்று தனிச் செலவு அநேகமாய் இல்லை. உள்ளங்கையளவு ராஸ்பெரி பை கணினியிலும் ப்யூர் டேட்டா ஓடுகிறது.

சங்கடம், வெளிவந்த ஒலியையே மீண்டும் உள்ளே செலுத்தும் பின்னூட்டத்தில்தான். மீட்டிய தந்தியின் அதிர்வைத் தாமதச் சுழற்சியால் படைக்கப் புகுந்தால், ஒரு கட்டுக்குக் குறைந்த தாமதம் கிட்டாமையால், வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வழக்கமான விகிதத்தில் சுமார் 690 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சுருதி எட்டாது. கட்டைச் சிறிதாக்கினாலோ கணினியின் சிரமம் ஏறும். மாக்ஸின் ஜென் என்னும் அங்கமோ, வரைந்ததை இயந்திர மொழியாகவே மாற்றி, ஒவ்வொரு மாதிரியாக லாகவமாய் நடக்கிறது (விலை கொடுக்கவேண்டும் என்பது வேறு சங்கதி). இத்தகைய நுண்பணிக்கு ஜென்னே உத்தமம். ஏனைய காரியங்களுக்கு ப்யூர் டேட்டா தாராளமாய்ப் போதும் என்பதே என் அபிப்பிராயம்.