கம்பு நிற்கும் இடம்

சிலம்பம் பார்க்கும்போது கண் கம்பின் மேல்தான் போகும். வேகம் ஏறி, கம்பே மறைந்து வட்டம் மட்டும் தெரியும் நேரத்தில் கைத்தட்டல் எழும். ஆட்டத்தின் அழகோ கீழே, காலடியில் இருக்கிறது. நல்ல ஆசான் புதுப் பிள்ளையிடம் உடனே கம்பைக் கொடுத்துவிடுவதில்லை. முதலில் வெறுங்கையோடு காலடி வரிசை போடவைப்பார். முன்னே வைத்த காலில் எடை எவ்வளவு, பின்காலில் எவ்வளவு, எப்போது திரும்ப வேண்டும் என்பதெல்லாம் உடம்பில் ஊறிய பிறகே கம்பு கைக்கு வரும்.

பதின்வயதில் பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பே பிடிபடாது. கை கால் நீளும், குரல் உடையும், நாலு பேர் முன்னால் எப்படி நிற்பதென்று தெரியாது. அந்த வயதில்தான் காலடி அவர்களுக்கு ஒரு நிலையைத் தருகிறது. ஆடுபவரின் உயரத்துக்கு ஏற்பக் கம்பை அளந்து எடுப்பார்கள். பிள்ளை வளர, கம்பும் வளரும்.

தொடுமுறைப் போட்டியைப் பாருங்கள். எதிராளியின் கம்பு தோளுக்கு வருகிறது. சிறுமி அரையடி விலகுகிறாள். அவள் கம்பின் நுனி எதிராளியைத் தொட்டதும் பின்வாங்குகிறது. தொட்டால் புள்ளி. ஓங்கி அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. தன் கைக்கு எவ்வளவு வலு, அதில் எவ்வளவு போதும் என்று தெரிந்தவளின் தன்னம்பிக்கை அது. வெற்றி தோல்வியால் அது கூடிக் குறைவதில்லை.

1986-இல் வெளியான ஓர் ஆய்வில், மைக்கேல் ட்ரல்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தவறான வழியில் போன பதின்வயதுப் பையன்களுக்கு டேக்வாண்டோ பயிற்சி கொடுத்துப் பார்த்தார். மரியாதை, தியானம், கலையின் நெறி ஆகியவற்றோடு சேர்த்துக் கற்றவர்களுக்கு முரட்டுத்தனம் குறைந்தது, தன்மதிப்பு உயர்ந்தது. சண்டை உத்தி மட்டும் கற்றவர்களிடம் முரட்டுத்தனம் கூடியது. வணக்கம் செலுத்தி ஆட்டம் தொடங்கும் சலாம் வரிசையை வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பெருமைதான். ஆனால் பதக்கத்துக்காக அவசரப்பட்டு அலங்கார வீச்சை மட்டும் பழக்கினால் பிள்ளைக்குக் கைத்தட்டல் கிடைக்கும். காலடியையும் சலாம் வரிசையையும் பொறுமையாகப் பழக்கினால், கைத்தட்ட ஆளில்லாத இடத்திலும் தன்னை மதிக்கத் தெரிந்த பிள்ளையாக அது வளரும்.