பட்டினியும் நோன்பும்

ரம்ஜான் மாதத்தின் நடுவில் பௌர்ணமி வரும். திருவண்ணாமலையில் தனியாக நோன்பு வைத்திருப்பவனுக்குத்தான் அதன் பொருள் புரியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக அன்னதானப் பந்தல்கள். ஊரே தின்றுகொண்டு நடக்க, நான் ஒற்றை அறையில் வாய் உலர்ந்து கிடப்பேன். சஹருக்கு எழுப்ப ஆளில்லை. பள்ளிவாசலில் கஞ்சி உண்டுதான். கூடவே "எந்த ஊரு, யாரு மகன்?" என்ற கேள்வியும் உண்டு.

அம்மா கேட்டாள்: "பட்டினி நமக்கு என்னாடா புதுசா? அதத் தேடிப் போய் வேற இருக்கணுமா?"

என்னிடம் பதில் இல்லை. அந்த நாட்களில்தான் மால்கம் எக்ஸின் தன்வரலாற்றைப் படித்தேன். அவர் சொல்ல, அலெக்ஸ் ஹேலி எழுதி 1965இல் வெளிவந்தது. நம் ஆட்கள் அதில் சிலாகிப்பது 1964 ஹஜ் பயணத்தை. எல்லா நிறத்தாரும் ஒன்றாய் உண்டு, ஒன்றாய்த் தொழுத காட்சி. சிலாகிக்க வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்னால், சிறையில் ஒரு காட்சி இருக்கிறது. தொழுவதற்கு அவரால் முழங்காலை மடக்க முடியவில்லை. திருடப்போன வீட்டின் பூட்டைத் திறக்க மட்டுமே மடங்கிய கால் அது. கூச்சம் அவரை எழுப்பிவிடுகிறது. மறுபடி முயல்கிறார். ஒரு வாரம் ஆகிறது. பக்கத்தில் தோள் கொடுக்க யாருமில்லை. முறையான தொழுகைகூட அவருக்கு அப்போது தெரியாது.

இந்தக் காட்சியை நாம் ஏன் தாண்டிப் போகிறோம்? நம் அப்பன்மார் முழங்கால் ஆண்டைக்கு மடங்கியது. அதே முழங்கால் தானாக மடங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத்தானே தெரிய வேண்டும்!

பெரியார் இஸ்லாமை இழிவு போக்கும் மருந்து என்றார். 1981இல் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித்துகள் மாறியபோது, எத்தனை பேர், யார் பணம் என்று நாடே கேட்டது. அன்வர் பாலசிங்கத்தின் 'கருப்பாயி என்கிற நூர்ஜஹான்' நாவலை வைத்து, மாறியும் சாதி போகலையே என்று நாம் பேசினோம். அதுவும் தேவையான பேச்சுதான். ஆனால் தனியாகத் தொழுதவருக்கு என்ன கிடைத்தது என்று நம் விமர்சனம் கேட்டு நான் படித்ததில்லை. மருந்து குடித்தவனை யாரும் விசாரிக்கவில்லை.

ஆறுதல் என்றால் தோழர்கள் அபின் என்பார்கள். சொல்லட்டும். சிறையில் முழங்கால் மடக்கிய மால்கம் வெளியே வந்து யாருக்கும் மடங்கவில்லை.

அந்தப் பௌர்ணமி அன்று மஃரிப் பாங்கு கேட்டது. ஒரு பேரீச்சம்பழம், ஒரு சொம்புத் தண்ணீர். நெற்றி தரையில் பட்டபோது அழுதுவிட்டேன். ஊர் எதையும் கேட்காத இடம் அது. அம்மாவுக்கான பதிலும் அங்கேதான் வந்தது. அம்மா, நீ இருந்தது பட்டினி. அதை உனக்குக் கொடுத்தது ஆண்டை. இது நானே எடுத்தது. எப்போது முடியும் என்று தெரிந்து இருப்பது.

இப்படித் தனியாகத் தொழுத நம் ஆட்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். அவர்கள் எழுத வேண்டும். அதுவரைக்கும் மதமாற்றம் பற்றிய நம் வாசிப்பு பாதிதான்.